பெட்ரோலிலிருந்து எடுத்த கந்தகம் எங்கே போகிறது? மணலியைக் கேளுங்கள்!

வடசென்னைக்காரர்களுக்கு இரண்டு நாற்றங்கள் பழக்கம். ஒன்று அழுகிய முட்டை நாற்றம். இன்னொன்று தீக்குச்சியை உரசியதும் மூக்கில் ஏறுமே, அந்த நெடி. முதலாவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, இரண்டாவது சல்ஃபர் டை ஆக்ஸைடு. இரண்டிலும் இருப்பது கந்தகம்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்-6 எரிபொருள் வந்தது. பத்து லட்சம் பங்கில் 50 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகம், 10 பங்காகக் குறைந்தது. நம் பைக் புகைக்கு நல்லதுதான். ஆனால், எடுத்த கந்தகம் மாயமாகிவிடாது. 1969 முதல் மணலியில் இயங்கும் சி.பி.சி.எல் போன்ற சுத்திகரிப்பு ஆலைகளுக்குள்தான் அது சேர்கிறது.

விஷவாயு மஞ்சள் தூளாகும் கதை

கச்சா எண்ணெயிலிருந்து பிரியும் கந்தகம், ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக வெளிவரும். அதில் மூன்றில் ஒரு பங்கை எரித்தால் சல்ஃபர் டை ஆக்ஸைடு. அதை மிச்ச இரண்டு பங்கோடு சேர்த்தால் மஞ்சள் கந்தகமும் தண்ணீரும் கிடைக்கும். 1883-ல் காப்புரிமை பெற்ற ‘கிளவுஸ்’ முறை இது. இந்தக் கந்தகம் உரத்துக்கும் டயருக்கும் போகிறது.

அந்தக் கடைசி 5 சதவிகிதம்

இந்த முறையில் மட்டும் சுமார் 95 சதவிகிதம்தான் பிடிபடும். தினம் 100 டன் கந்தகம் வரும் ஒரு ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். தப்பும் 5 டன், எரிந்ததும் 10 டன் சல்ஃபர் டை ஆக்ஸைடாகிவிடும். மிச்ச வாயுவை இன்னொரு முறை சுத்திகரித்து 99.5 சதவிகிதம் பிடித்தால், அது 1 டன்னாகக் குறையும்.

இயந்திரம் ஓடும்வரைதான் இந்தக் கணக்கு. அது ஒருநாள் நின்று, வாயு மொத்தத்தையும் எரித்துவிட நேர்ந்தால்? 200 நாள்களில் போக வேண்டிய கந்தகம் ஒரே நாளில் காற்றில் கலந்துவிடும்! அதனால்தான் மாற்று இயந்திரம் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் உற்பத்தியை உடனே குறைக்க வேண்டும்.

சராசரிக்குள் ஒளியும் நெடி

சல்ஃபர் டை ஆக்ஸைடுக்கான தேசிய வரம்பு, 24 மணி நேர சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 80 மைக்ரோகிராம். ஆனால், ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு மூச்சு இழுக்க, சில நிமிட நெடியே போதும். நள்ளிரவில் ஒரு மணி நேரம் அடித்த நெடி, நாள் சராசரியில் காணாமல் போய்விடும்.

மேல்காற்று அடித்தால் மணலிப் புகை திருவொற்றியூருக்கு. கடல்காற்று அடித்தால் மாதவரம் பக்கம். அனல்மின் நிலையங்கள், கப்பல்கள், லாரிகளின் பங்கும் இதில் உண்டு.

நாம் என்ன செய்யலாம்?

நெடி அடித்தால் நேரம், இடம், காற்றின் திசை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘சமீர்’ செயலியில் மணலியின் காற்றுத் தரத்தைப் பாருங்கள். பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். ‘ஒரே நாத்தம்’ என்ற புகாரைவிட, ‘ராத்திரி 1.20, மேல்காற்று, தீக்குச்சி நெடி’ என்ற புகாரைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

ஊருக்கெல்லாம் சுத்தமான பெட்ரோல் தரும் மணலிக்கு, சுத்தமான காற்று கேட்க உரிமை இல்லையா என்ன?