நாலு இலைக்கு ஒரு வாளி

செம்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆன்லைனில் '400 கேம்' என்று விற்கும் கையடக்க வீடியோ கேம் ஒன்று வாங்கினேன். அட்டையில் லட்சக்கணக்கான வண்ணங்கள் என்று போட்டிருக்கிறது. மாரியோவோ சின்ன வயதில் பார்த்த மாதிரியேதான் இருக்கிறது. பழைய டிவி கேம்களில் உண்மையிலேயே எதற்கு வண்ணம் அதிகம்?"

அந்த லட்சங்கள் எல்லாம் திரையின் கணக்கு. மாரியோவை உருவாக்கியவர்களின் கையில் இருந்தவை ஒரு நேரத்துக்கு 25 வண்ணங்கள், அவ்வளவுதான். திரையை மாற்றினால் அந்த எண்ணிக்கை கூடிவிடாது.

எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் முதல் அடியிலேயே இடறும். 1977இல் வந்த அட்டாரி 2600, அமெரிக்க டிவியில் 128 வண்ணங்கள் காட்ட வல்லது. ஆறு வருஷம் கழித்து வந்த நின்டெண்டோவுக்குச் சுமார் 54தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நின்டெண்டோதான் செழிப்பாகத் தெரியும். அட்டாரியில் ஒரு கிடைக்கோட்டுக்கு நான்கு வண்ணங்கள்தான் எளிதில் கிடைக்கும். அடுத்த கோட்டுக்கு வேறு வண்ணம் வேண்டுமென்றால், டிவியின் கதிர் அங்கே போய்ச் சேருவதற்குள் புரோகிராம் மாற்றி வைத்துவிட வேண்டும். அதனால்தான் அதன் படங்களில் அத்தனை கிடைமட்டப் பட்டைகள். எந்த வண்ணத்தை எந்த இடத்தில் வைக்க இயந்திரம் அனுமதிக்கிறது என்பதைப் பார்க்காமல் 128, 54 என்று பேசுவதில் அர்த்தமில்லை.

வரலாறு இரண்டு வரி. மசாயுகி உயெமுரா தலைமையில் நின்டெண்டோ நிறுவனம் வடிவமைத்த இந்த இயந்திரம், ஃபேமிகாம் என்ற பெயரில் 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியானது. இந்தியாவில் அதன் வெளிநாட்டு வடிவம் 'சாமுராய்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது என்றாலும், மும்பையில் பெரும்பாலான வீடுகள் பார்த்தது 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' வகையறா நகல்களையும், லாமிங்டன் ரோட்டில் விற்ற '9999999 இன் 1' கேசட்டுகளையும்தான். அந்தக் கேசட்டில் உள்ள கேம்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். மற்றதெல்லாம் அதே கேமை வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கி வைத்தவை.

இனி விஷயத்துக்கு வருவோம். நின்டெண்டோ திரையில் 256 × 240 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வண்ணம் குறித்து வைக்கச் சுமார் 46,000 பைட் நினைவகம் வேண்டும். படத்துக்கென்று இருந்ததோ 2,048 பைட். இந்தப் பற்றாக்குறையைச் சமாளிக்கக் கண்டுபிடித்த வழிதான் என்னைச் சொக்க வைப்பது.

மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்து உடுப்பி மெஸ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 240 மேசைகள், மேசைக்கு நாலு இலை. ஓர் இலை என்பது 8 × 8 புள்ளிகள் கொண்ட கட்டம். பரிமாறுபவர்கள் நான்கே பேர். ஒவ்வொருவர் கையிலும் மூன்று வாளி, மூன்று வண்ணம். சாதம் எல்லோருக்கும் பொது. அது பின்னணி வண்ணம். எந்த மேசைக்கு எந்தப் பரிமாறுபவர் என்று ஓர் எண் குறித்தால் போதும், வேலை முடிந்தது. 240 மேசைக்கும் சேர்த்து 60 பைட். நாலு இலைக்காரர்களில் ஒருவர் மட்டும் "எனக்கு மோர்க்குழம்பு" என்று கேட்டால் கிடையாது; மேசை மொத்தமும் அதற்கு மாற வேண்டும்.

முடை என்று பார்த்தால் முடை. வசதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' கேமில் தரையில் நிற்கும் புதரையும் வானத்து மேகத்தையும் உற்றுப் பாருங்கள்: ஒரே படம். ஒரு மேசைக்குப் பச்சை வாளிக்காரர், இன்னொன்றுக்கு வெள்ளை வாளிக்காரர். ஒரு வாளியில் இருப்பதைக் கொட்டிவிட்டு வேறொன்றை ஊற்றினால், அவர் பரிமாறிய எல்லா மேசையிலும் கண்ணிமைக்கும் நேரத்தில் குழம்பு மாறிவிடும். கேள்விக்குறிப் பெட்டிகள் மின்னுவதும், பாதாளத்துக்குள் இறங்கியதும் செங்கல் நீலப்பச்சையாவதும் இப்படித்தான். சாதத்தையே மாற்றினால் மூன்றாம் உலகத்து இரவு: வானம் மொத்தமும் கறுப்பு. படம் ஒன்றுகூடப் புதிதாக வரையப்படவில்லை.

மெஸ் பிசகுவதையும் பார்க்கலாம். 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3' ஓடும்போது திரையின் வலது ஓரத்தில் சில கட்டங்கள் தப்பான வண்ணத்தில் வந்து, அடுத்த நொடி சரியாகும். வாசல் ஓர மேசையில் பாதிப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மீதி இலைக்குப் புது ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், பரிமாறுபவர் ஒருவர்தானே! கேசட் கெட்டுப்போய்விட்டதென்று எடுத்து ஊத வேண்டியதில்லை.

நகரும் உருவங்களுக்கு வேறு நான்கு பேர், அவர்களிடமும் மும்மூன்று வாளி. பின்னணிக்கு 13, உருவங்களுக்கு 12, ஆக 25. மாரியோவுக்குக் கிடைத்தவை சிவப்பு, பழுப்பு, தோல் நிறம். அவருடைய மீசை, தலைமுடி, சட்டை, காலணி நான்கும் ஒரே பழுப்பாக இருப்பதற்கு அதுவே காரணம்.

இன்னொன்று. நின்டெண்டோவின் படச் சிப் வண்ணத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து அனுப்பவே இல்லை. டிவியின் வண்ண அலையை நேரடியாக உண்டாக்கியது. அலையைச் சற்றுத் தள்ளி விட்டால் வேறு நிறம். அதனால் மாரியோவின் வானம் நீலமா, ஊதா கலந்ததா என்ற சண்டைக்கு ஒரே விடை கிடையாது. டிவிக்கு டிவி வேறு. நம் ஊர் 'பால்' (PAL) முறை டிவிக்கென்று செய்த நகல்களில் இன்னொரு மாற்றமும் உண்டு: நொடிக்கு 60 படத்துக்காக எழுதிய கேம் 50 படத்தில் ஓடியதால், மாரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினார்.

போட்டி நிறுவனமான சேகாவின் மெகா டிரைவ் 1995இல் ஷா வாலஸ் நிறுவனம் வழியாக 18,000 ரூபாய்க்கு இங்கே வந்தது. '16 பிட்' என்பதே அதன் விளம்பர மந்திரம். படத்தின் அழகுக்கும் அந்த எண்ணுக்கும் நேரடிச் சம்பந்தம் குறைவு. சம்பந்தம் உள்ள செய்தி இது: அதில் மேசைக் கட்டுப்பாடு போய், ஒவ்வோர் இலைக்கும் தனித்தனியாகப் பரிமாறுபவரைக் குறிக்கலாம், ஒவ்வொருவரிடமும் 15 வாளி. 512 வண்ணங்களிலிருந்து ஒரே நேரத்தில் சுமார் 60. நின்டெண்டோவின் அடுத்த இயந்திரமான சூப்பர் நின்டெண்டோவில் 32,768இலிருந்து 256. ஆகவே வாசகரின் கேள்விக்கு, இவற்றுக்குள் எண் கணக்கில் விடை சூப்பர் நின்டெண்டோ.

சேகாக்காரர்கள் தங்கள் வண்ணக் குறையைச் சரிக்கட்டிய விதம்தான் எனக்குப் பிடித்தது. 1991இல் வந்த 'சோனிக்' கேமின் முதல் கட்டத்தில் ஓர் அருவி விழும். அது ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளியாக வரைந்த செங்குத்துக் கோடுகள், இடையே ஓட்டை. பழைய டியூப் டிவிக்குப் போன ஒற்றை வயர் இவ்வளவு நெருக்கமான கோடுகளைப் பிரித்துக் காட்டத் திராணியற்றது, குழைத்துவிடும். குழைந்ததும் நீர் கண்ணாடி போலாகி, பின்னால் இருக்கும் பாறை தெரியும். ஊடுருவித் தெரியும் வண்ணம் மெகா டிரைவின் பட்டியலிலேயே இல்லை. டிவிதான் அதை உண்டாக்கியது. தட்டை டிவியில் அதே அருவி கம்பி போட்ட ஜன்னலாகத் தெரியும். பழைய கேம்களை '4கே துல்லியத்தில்' காட்டுவதாகச் சொல்லி விற்கிறவர்கள், அந்த அருவியைத்தான் நம்மிடமிருந்து பிடுங்குகிறார்கள். வீட்டில் டியூப் டிவி ஒன்று இன்னும் வேலை செய்கிறதென்றால், தயவுசெய்து அதைப் பங்கார்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.