பந்தயத்தில் ஓடிய நாயைத் தத்தெடுக்கப் போறீங்களா? ஓசூர்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது கழுத்துப் பட்டையை!

ஒல்லி உடம்பு, நீண்ட கால்கள், மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் வேகம். பந்தயத்தில் ஓடிய கிரேஹவுண்ட் நாயைப் பார்த்ததும், 'இதை அப்பார்ட்மென்ட்ல வச்சு சமாளிக்க முடியுமா?' என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அது பெரிய பிரச்னையே இல்லை. தினமும் இரண்டு முறை நடக்க வைத்தால் போதும், மீதி நேரம் சோபாவில் தூங்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கு.

எங்கிருந்து வருது?

இந்தியாவில் அனுமதி பெற்ற நாய்ப் பந்தய மைதானம் கிடையாது. ஆனாலும் பஞ்சாப் கிராமங்களில் கிரேஹவுண்ட் பந்தயங்கள் நடக்கின்றன. வட கர்நாடகத்தின் முதோல், நம்ம சிப்பிப்பாறை, கன்னி எல்லாமே இதேபோல கண்ணால் பார்த்து விரட்டும் இனங்கள்தான். மக்காவில் 2018-ல் கேனிட்ரோம் மைதானம் மூடப்பட்டபோது, 500-க்கும் மேற்பட்ட நாய்களுக்கு முறைப்படி வீடு தேடினார்கள். இங்கே கைமாறி வரும் நாய்க்கு வயசு, பழைய காயம், தடுப்பூசி பற்றிய பேப்பர் கிடைப்பதே கஷ்டம்.

பட்டை ஏன் முக்கியம்?

இந்த நாய்களின் தலை குறுகலானது. சாதாரண பட்டை போட்டால், பின்னால் இழுத்து ஒரே நொடியில் தலையை உருவிக்கொள்ளும். பூனை, கோழி, ஆட்டுக்குட்டி, ஏன் பக்கத்து வீட்டு குட்டி நாய் ஓடினாலும் விரட்டும். கிளம்பிட்டா கூப்பிட்டாலும் திரும்பாது. சிப்காட் சாலையில் கன்டெய்னர் லாரிகள், கொஞ்சம் தள்ளினால் தேசிய நெடுஞ்சாலை 44. அதனால் இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டைதான் பாதுகாப்பு. நாலு பக்கமும் வேலி இல்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்கவே கூடாது. 'எங்க நாய் சொன்னா கேட்கும்' என்ற நம்பிக்கை இதில் எடுபடாது. வீட்டில் பூனையோ கோழியோ இருந்தால் இந்த நாய் வேண்டாம் என்பதே நல்லது.

டாக்டரிடம் என்ன சொல்லணும்?

முதல் வேலையாக உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை, பல் பரிசோதனை. கிரேஹவுண்டுக்கு சிவப்பணு இயல்பாகவே அதிகம், தைராய்டு அளவு குறைவு. இது தெரியாவிட்டால் நல்லா இருக்கும் நாய்க்கும் மருந்து எழுதப்படலாம். கொழுப்பு குறைவான உடம்பு என்பதால், தயோபென்டோன் போன்ற மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆகும். கருத்தடைக்கு கூட்டிப் போகும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் பெங்களூரு ஹெப்பால் கால்நடைக் கல்லூரி எட்டும் தூரம்தான்.

வீட்டுக்குள்...

கொட்டகையிலேயே வளர்ந்த நாய்க்கு மாடிப்படி, வழுக்கும் டைல்ஸ், கண்ணாடிக் கதவு எல்லாமே புதுசு. தூங்கும்போது திடீரென தொட்டால் சில நாய்கள் பதறிக் கடிக்கும், குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள். ரோமம் மெல்லிசு. ஓசூர் மார்கழிக் குளிருக்கு ஸ்வெட்டர் அவசியம், ஸ்டைலுக்கு அல்ல.

இன்னொன்று. 'ஒரு தடவை முயலுக்கு விட்டுப் பார்க்கலாமே' என்று நண்பர்கள் உசுப்பேற்றுவார்கள். காட்டு முயலை வேட்டையாடுவது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வழக்கு நாய் மேல் வராது, கூட்டிப் போனவர் மேல்தான் வரும்.