வண்டி வந்தாயிற்று, எந்த ஆஸ்பத்திரிக்கு?

108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும், காசு கேட்க மாட்டார்கள் என்பது இன்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். கர்நாடகத்தில் 'ஆரோக்ய கவச' என்ற பெயரில் இந்தச் சேவை 2008 நவம்பர் 1-ஆம் தேதி தொடங்கியது. அதற்கு ஒன்றரை மாதம் முன்புதான் தமிழ்நாட்டிலும் ஆரம்பித்திருந்தார்கள். வண்டியைக் கூப்பிட நாம் நன்றாகப் பழகிவிட்டோம். வண்டியில் ஏற்றிய பிறகு, "எந்த ஆஸ்பத்திரிக்கு?" என்று ஒரு கேள்வி வருகிறதே, அதற்குத்தான் நம்மிடம் பதில் இல்லை.

அல்சூரில் முப்பது வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கிறேன். கன்னடம் பேசத் தெரிந்தவன் என்பதால், அக்கம்பக்கத்தில் யாருக்காவது அவசரம் என்றால் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். நான் பார்த்தவரை நம் ஜனங்கள் சொல்வது ஒன்றேதான்: "பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்க!" காயம் சின்னதா பெரியதா என்ற பேச்சே கிடையாது.

எதிர்வீட்டுப் பையன் ஒருநாள் சாயங்காலம் கண்ணாடித் துண்டை மிதித்துவிட்டான். வண்டியில் வந்த மருத்துவ உதவியாளர் இளவயதுக்காரர். ரத்தத்தை நிறுத்திக் கட்டுப் போட்டுவிட்டு, "பக்கத்திலேயே தையல் போடும் கிளினிக் இருக்கிறது, அங்கே போனால் அரை மணியில் முடிந்துவிடும்" என்றார். பையனின் அப்பா கேட்கவில்லை. பிள்ளைக்கு ஒன்றென்றால் எந்தத் தகப்பன் கேட்பான்? நகரத்தைக் குறுக்கே கடந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஏழு மணிக்குப் போனவர்கள் பதினொன்றுக்குத்தான் வெளியே வந்தோம். டாக்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்குப் பின்னால் வந்த ஸ்ட்ரெச்சர்கள் எல்லாம் எங்களுக்கு முன்னால் போக வேண்டியவைதான். ஆனால் அந்த ஆம்புலன்ஸ் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு திரும்புவதற்குள், எங்கள் பேட்டையில் வேறு யாருக்காவது நெஞ்சுவலி வந்திருந்தால்?

இங்கிலாந்தில் இதற்கென்றே சிறுகாயப் பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். தையல், சுளுக்கு, சின்ன எலும்பு முறிவு எல்லாவற்றையும் பெரும்பாலும் தேர்ந்த நர்சுகளே பார்த்துக்கொள்வார்கள். ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு எழுத்தில் விதிமுறை கொடுத்து, பொருத்தமானவர்களை நேரே அங்கே கொண்டுபோகச் சொல்லிப் பார்த்தார்கள். 2004-இல் அதன் முடிவு வெளியானது. அங்கே போனவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வண்டியும் சீக்கிரம் அடுத்த அழைப்புக்குத் தயாரானது, நோயாளிகளுக்கும் மிகுந்த திருப்தி. ஆனாலும் ஊழியர்கள் சுமார் பத்தில் ஒருவரைத்தான் அங்கே கொண்டுபோனார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. தவறாகிவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

நம் மாநிலத்தில் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம கிளினிக்'குகள் சின்ன உபாதைகளுக்கு வசதிதான். ஆனால் தொடங்கியபோது நேரம் காலை 9 முதல் மாலை 4:30 வரைதான் இருந்தது. பிள்ளைகள் விளையாடி விழுவதோ ஐந்து மணிக்குமேல்!

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் கொடியது. என்னோடு வேலை பார்த்த நண்பர் டின் ஃபாக்டரி அருகே ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார். தலையில் அடி. யாரோ நல்ல மனதோடு பக்கத்து நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். அங்கே ஸ்கேன் இல்லை. அடுத்த இடத்தில் ஸ்கேன் இருந்தது, மூளை அறுவை டாக்டர் இல்லை. மூன்றாவது இடம் போய்ச் சேர இரண்டு மணி நேரம். பிழைத்துக்கொண்டார். இடது கை மட்டும் இன்றும் அவர் சொன்னபடி கேட்பதில்லை. நேரே போயிருந்தால் இப்படி ஆகியிருக்காதா என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறார். எந்த டாக்டரும் அதற்கு உறுதியாகப் பதில் சொல்லவில்லை.

உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில், அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் அவசர சிகிச்சை தர மறுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. 1992-இல் வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அந்த வழக்கில் 1996-இல் வந்த தீர்ப்பு, எந்த ஆஸ்பத்திரியில் தேவையான சிகிச்சையும் படுக்கையும் இருக்கிறது என்று அறிந்து அங்கே அனுப்பும் மையத் தகவல் ஏற்பாடு வேண்டும் என்றது. சட்டம் சொல்லிவிட்டது. நடுராத்திரியில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் நாம்தானே! நமக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டாமா?

தலையில் மட்டும் அடி என்றால் ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ். ஆனால் அது மூளை, நரம்பு, மனநல ஆஸ்பத்திரி. தலையோடு வயிற்றிலும் காலிலும் அடி என்றால் எல்லாத் துறைகளும் ஒரே கூரையின் கீழ் உள்ள இடமே நல்லது. சிட்டி மார்க்கெட் பக்கத்து விக்டோரியாவில் விபத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது, தீக்காயப் பிரிவும் அங்கேதான். கண்ணில் அடி என்றால் அதை ஒட்டிய மின்டோ. எலும்பு முறிவுக்கு நிம்ஹான்ஸுக்குப் பக்கத்திலேயே சஞ்சய் காந்தி ஆஸ்பத்திரி, நெஞ்சுவலிக்கு ஜெயதேவா. தனியாரிலும் இவையெல்லாம் கிடைக்கும், கையில் இன்ஷூரன்ஸ் அட்டை இருந்தால். வீட்டிலிருந்து எது கிட்ட என்று நிதானமான ஒரு நாளில் பார்த்துவைப்பது நல்லது.

அந்த உதவியாளர் தம்பி என்னிடம் சொன்னது: "சார், ஆஸ்பத்திரி பெயரைச் சொல்வதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லுங்கள்." நினைவு தப்பியதா, எத்தனை முறை வாந்தி, காதிலோ மூக்கிலோ ரத்தம் வந்ததா, வலிப்பு வந்ததா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா, இவைதான் அவருக்கு வேண்டும். வாய் கோணிப் பேச்சுக் குழறினால் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதே முக்கியம். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

பாஷை தெரியாது என்று நம் பெண்கள் பலர் வண்டியில் வாய் திறப்பதில்லை. நான்கு வார்த்தை போதும். நெஞ்சுவலி 'எதெ நோவு', தலையில் அடி 'தலெகெ பெட்டு', நினைவு தப்பியது 'பிரஞ்ஞெ தப்பிதெ', மூச்சுத்திணறல் 'உசிராட்டத தொந்தரெ'. வாந்திக்கு அங்கேயும் வாந்திதான்!

பொங்கலுக்கு ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஊருக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்து நேர்ந்தால், எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஆனால் அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். அதையும் 108 ஊழியரிடமே கேளுங்கள்.