பொருளியல் அறிமுகத்தில் ‘தேவை’யும் ‘கேள்வி’யும்: இரு தமிழ்க் கலைச்சொல் மரபுகள்

முன்னுரை

பொருளியலைத் தமிழில் கற்பிப்போர் முதல் பாடத்திலேயே ஒரு சிக்கலை எதிர்கொள்கின்றனர். சந்தையில் வாங்குவோர் பக்கத்தைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘தேவை’ என்றும் இலங்கைப் பாடநூல்கள் ‘கேள்வி’ என்றும் குறிக்கின்றன. விற்போர் பக்கம் முறையே ‘அளிப்பு’, ‘நிரம்பல்’ எனப்படுகிறது. ‘இறுதிநிலைப் பயன்பாடு’ இலங்கையில் ‘எல்லைப் பயன்பாடு’ ஆகிறது. ‘முற்றுரிமை’ அங்கே ‘தனியுரிமை’. ‘பணவீக்கம்’, ‘நெகிழ்ச்சி’ போன்றவை இரு மரபுக்கும் பொதுவானவை. இரு நாட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகப் பயிலும் புலம்பெயர் சூழலில் இவ்வேறுபாடு குழப்பம் தருகிறது. கலைச்சொல் ஒரு கருத்தைத் தெளிவாக்குவது போலவே மறைக்கவும் கூடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கருத்தாக்கம்

ஒரு பொருளை விரும்புவதும், அஃதின்றி வாழ இயலாதிருப்பதும் சந்தையை அசைப்பதில்லை. விருப்பத்தோடு வாங்கும் ஆற்றலும், கேட்ட விலையைக் கொடுக்கும் மனமும் சேர வேண்டும். இம்மூன்றும் சேர்ந்ததே தமிழ்நாட்டு நூல்களின் ‘தேவை’, இலங்கை நூல்களின் ‘கேள்வி’. மேலும் அது தனியோர் அளவன்று; பிற காரணிகள் மாறாதிருக்க, வெவ்வேறு விலைகளில் மக்கள் வாங்க முன்வரும் அளவுகளின் தொடர். அரிசி கிலோ 50 ரூபாயாக இருந்தபோது 20 கிலோ வாங்கிய குடும்பம், 60 ரூபாயானதும் 18 கிலோ வாங்குவதாகக் கொள்வோம். இங்கு மாறியது வாங்கும் அளவு மட்டுமே. அக்குடும்பத்தின் வருமானம் குறைந்தால், எல்லா விலைகளிலும் வாங்கும் அளவு மாறும், கோடே இடம்பெயரும்.

1943 வங்கப் பஞ்சம்

இவ்வேறுபாடு உயிர் தொடர்பானது என்பதை 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம் காட்டுகிறது. அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்னும் நூலில், அவ்வாண்டு வங்கத்திற்குக் கிடைத்த உணவு, பஞ்சமில்லாத 1941இல் கிடைத்ததைவிட ஏறத்தாழ 13 விழுக்காடு மிகுதி என மதிப்பிட்டார். அம்மதிப்பீடு பின்னர் விவாதத்திற்குள்ளானது. எனினும் போர்க்கால விலையேற்றத்திற்கு வேளாண் கூலிகளின் ஊதியம் ஈடுகொடுக்கவில்லை என்பது அவர் காட்டிய முதன்மையான உண்மை. அவர்களுக்கு உணவு வேண்டியிருந்தது. வாங்கும் ஆற்றல் இல்லை. இதனை ‘தேவை இருந்தது, கேள்வி இல்லை’ என்று இலங்கை வழக்கில் தெளிவாகச் சொல்லலாம். தமிழ்நாட்டு வழக்கில் ‘தேவை இருந்தும் தேவை இல்லை’ என்று முரணாகவே சொல்ல நேரும். அந்நூல்கள் மனித நாட்டங்களை ‘விருப்பம்’ எனத் தனியே பெயரிடுகின்றன. ஆயினும் பசி வெறும் விருப்பமன்று.

சொற்பொருத்தம்

‘கேள்வி’ என்றதும் வினாவோ, திருக்குறளின் 42ஆம் அதிகாரம் கூறும் செவிவழி அறிவோ நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் ஏலத்தில் ‘கேட்டல்’ என்பது விலை கூறுதலே. இலங்கையில் ஒப்பந்தத்திற்கு விலை குறித்து அளிக்கும் ஆவணம் ‘கேள்விப்பத்திரம்’ எனப்படும். பணத்தோடு கூடிய விருப்பம் என்னும் பொருள் அச்சொல்லில் முன்பே உள்ளது.

விற்போர் பக்கத்திலோ தமிழ்நாட்டுச் சொல்லே பொருத்தமானது. களஞ்சியத்தில் நிரம்பிக் கிடப்பது இருப்பு. ஒரு விலைக்கு விற்க முன்வருவதே அளிப்பு. பதுக்கியவரிடம் இருப்பு உண்டு, அளிப்பு இல்லை. ‘நிரம்பல்’ என்னும் சொல் இவ்விரண்டையும் மயங்கவைக்கக்கூடும்.

முடிவுரை

இரு மரபுகளும் பல தலைமுறை மாணவரைப் பயிற்றியவை. ஒன்றை நீக்கி மற்றொன்றை நிறுத்துவது எளிதன்று, தேவையுமன்று. புலம்பெயர் நாடுகளுக்கான அறிமுக நூல்கள் ஒவ்வொரு கருத்தின் முதல் வழக்கிலும் இரு சொற்களையும் தந்து, பின் ஒன்றையே சீராக ஆளலாம். வாழ்க்கைக்கு வேண்டுவதும் சந்தையில் வாங்க இயல்வதும் வேறு என்பதை, எச்சொல்லை ஆண்டாலும் முதல் பாடத்திலேயே உணர்த்துதல் வேண்டும்.