உணவும் உள்ளமும்

திருக்குறளில் 'மருந்து' என்றோர் அதிகாரம் உண்டு, 95-ஆம் அதிகாரம். பள்ளியில் அதை மனப்பாடம் செய்தபோது எனக்கொன்று விளங்கவில்லை. மருந்து என்று தலைப்பிட்டுவிட்டு ஒரு மூலிகையின் பெயரையோ ஒரு லேகியத்தின் பெயரையோ வள்ளுவர் சொல்லவில்லையே என்று வியந்தேன். பத்துக் குறட்பாக்களில் பெரும்பகுதி உண்பதைப் பற்றியே பேசுகின்றன. மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்த அந்த அதிகாரம், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது என் உடம்பிலேயே உரையோடு வந்து நின்றது. அந்தக் கதையையும், அதன்பின் நூலகத்தில் அமர்ந்து நான் தேடி அறிந்தவற்றையும் இம்மலரின் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து வரும் முதற்பேருந்து காலை 6.40-க்குப் புறப்படும். அதை விட்டால் அடுத்த வண்டியில் வந்து சேர்வதற்குள் முதற்பாடவேளை முடிந்துவிடும். ஆகவே எனக்குக் காலை உணவு என்பது ஒரு டம்ளர் தேநீர்தான். நண்பகலில் டிபன் பாக்ஸில் புளிச்சோறோ எலுமிச்சைச் சோறோ இருக்கும், தொட்டுக்கொள்ள ஊறுகாய். உண்டு கைகழுவியதும் கேண்டீனில் இன்னொரு தேநீர். மாலையில் வீடு திரும்பியதும் மூன்றாவது தேநீர். இரவில்தான் வயிறார உண்பது. தொலைவிலிருந்து வரும் தோழியர் பலரின் பட்டியலும் இதுவே என்பதை அவர்களுடைய டிபன் பாக்ஸ்களைப் பார்த்து நான் அறிவேன். எங்கள் வீட்டில் காலை உணவை ஒழுங்காக உண்பவன் நான்காம் வகுப்புப் படிக்கும் என் தம்பி ஒருவன்தான், அதுவும் பள்ளியில். 1956-இல் காமராசர் காலத்தில் பரவிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்து, 2022-இல் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவாகவும் வளர்ந்தது. கல்லூரி வாயிலை மிதித்தவர்களுக்குப் பசிக்காது என்று எண்ணிவிட்டார்கள் போலும்!

இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் என் மனம் சரியாக இல்லை. ஒரே பக்கத்தை நான்கு முறை படித்தாலும் தலையில் ஏறாது. தோழி ஒருத்தி விளையாட்டாகச் சொன்ன சொல்லுக்கு மூன்று நாள் பேசாமல் இருந்தேன். விலங்கியல் ஆய்வகத்தில் நிற்கும்போது கால் தளரும். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். 'எனக்குப் படிப்பு வராது; நம் வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை, நான் மட்டும் எப்படிப் போவேன்' என்ற எண்ணம் இரவெல்லாம் சுழலும். மாற்றுச் சான்றிதழ் கேட்டு ஒரு விண்ணப்பமும் எழுதிப் பதிவேட்டுக்குள் வைத்துவிட்டேன். கொடுக்கத் துணிவு வராததால் அது அங்கேயே கிடந்தது.

அந்நாளில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் கல்லூரியில் இரத்ததான முகாம் நடந்தது. வரிசையில் நானும் பெருமிதத்தோடு நின்றேன். அங்கே ஒரு சிறு குடுவையில் நீலநிறத் திரவம் வைத்திருப்பார்கள், மயில்துத்தக் கரைசல். விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தத்தை அதில் விடுவார்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் போதிய அளவு இருந்தால் துளி கனமாக இருக்கும், விரைந்து மூழ்கும். குறைவாக இருந்தால் மூழ்காது. எனக்கு முன் நின்ற மாணவனின் துளி நேரே அடிக்குச் சென்றது. என் துளி மேலேயே மிதந்தது. செவிலியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ போய் முதல்ல உன் இரத்தத்தைப் பாரும்மா" என்றார். அரசு மருத்துவமனையில் அளந்தபோது 8.4 கிராம் என்று வந்தது. என் வயதுப் பெண்ணுக்கு 12 இருக்கவேண்டும்.

எங்கள் விலங்கியல் பேராசிரியையிடம் சீட்டைக் காட்டினேன். அவர் முதலில் கேட்டது, "காலையில என்ன சாப்பிட்ட?" என்பதுதான். நான் சொன்ன விடையைக் கேட்டபின் கரும்பலகையே இல்லாமல் அரைமணி நேரம் எனக்குத் தனிப்பாடம் நடத்தினார்.

அவர் சொன்னதன் சாரம் இது. நம் மூளை உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் ஓய்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை அதுவே உண்டுவிடுகிறது. அந்த ஆற்றலை எரிக்கப் பிராணவாயு வேண்டும். பிராணவாயுவைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். ஹீமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும். இதுவரை பாடநூலில் உள்ளது. நான் அறியாதது ஒன்றிருந்தது. டோபமைன், செரட்டோனின் என்று இரண்டு பொருள்கள் மூளையில் சுரக்கின்றன. ஊக்கம், ஆர்வம், மன அமைதி ஆகியவற்றில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. இவை இரண்டும் உணவிலுள்ள புரதத்தின் கூறுகளிலிருந்து உருவாகின்றன. அப்படி உருவாக்கும் நொதிகள் இயங்குவதற்கும் இரும்பு தேவை. புளிச்சோற்றில் புரதமும் குறைவு, இரும்பும் குறைவு. அதன்மேல் உண்ட கையோடு குடித்த தேநீர் வேறு. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடல் உறிஞ்சவிடாமல் வெளியே அனுப்பிவிடும். உண்டபின் ஒருமணி நேரமாவது கழித்துத் தேநீர் அருந்தினால் இந்த இழப்பு குறையும். முருங்கைக்கீரையோ பயறோ உண்ணும்போது கூடவே கொய்யா, நெல்லி, எலுமிச்சை போன்ற வைட்டமின் 'சி' உள்ள ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் அதே இரும்பு கூடுதலாக உடலில் ஏறும். செலவில்லாத வைத்தியம் இது!

இந்தக் குறை என் ஒருத்தியின் குறையன்று. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேருக்கு. நம் வகுப்பில் இடம்வலமாக ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் வாரந்தோறும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதை நாவின் அடியில் ஒளித்துவைத்துச் சுற்றுச்சுவர் ஓரம் துப்பிய கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். பழைய சோற்றில் ஒரே இரவில் இரும்புச்சத்து இருபது மடங்கு பெருகிவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரும்பு ஒரு தனிமம். நுண்ணுயிர்கள் எத்தனை உழைத்தாலும் பானைக்குள் இல்லாத இரும்பைப் படைக்க இயலாது. புளிப்பதனால், தானியத்தில் இரும்பைக் கட்டிவைத்திருக்கும் பொருள் ஓரளவு சிதைந்து, இருக்கின்ற இரும்பு எளிதில் உடலில் சேரலாம், அவ்வளவே. பழைய சோறு நல்ல உணவு. அதற்குப் பொய்ப்புகழ் தேவையில்லை.

உணவுக்கும் உள்ளத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்த வரலாற்றில் நம் மாநிலத்துக்கு ஒரு பங்குண்டு என்பதை நூலகத்தில்தான் அறிந்தேன். நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், 1918-இல், பெரிபெரி நோயை ஆராய இராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் ஓர் ஆய்வுப்பிரிவைத் தொடங்கினார். அரிசியை வெள்ளைவெளேரென்று தீட்டித் தின்பதால், தவிட்டோடு 'பி1' என்னும் தயமின் போய்விட, வருவது அந்நோய். கால்கள் மரத்துப்போவதோடு சிடுசிடுப்பும் சோர்வும் அதில் உண்டு. நெல்லைப் புழுக்கினால் தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. புழுங்கலரிசி உண்டவர்கள் இந்நோயிலிருந்து பெரிதும் தப்பியதற்குக் காரணம் அதுவே. அந்தச் சிறு அறைதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இன்று விளங்குகிறது.

மெக்காரிசன் குன்னூரில் எலிகளை வளர்த்தார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை வெவ்வேறு கூட்டங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, வெண்ணெய், பால், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கள், எப்போதாவது இறைச்சி என்றிருந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் மற்றெல்லாவற்றையும்விட நன்றாக வளர்ந்தன. கழுவித் தீட்டிய அரிசியைப் பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்து உணவை உண்டவை கடைசியில் நின்றன. படிக்கும்போது சற்று வருத்தமாகத்தான் இருந்தது. என்னை உறங்கவிடாமல் செய்தது மற்றொரு கூட்டம். பிரிட்டனின் ஏழைகள் உண்டதைப் போன்று வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட தேநீர், டப்பா இறைச்சி, ஜாம், வேகவைத்த காய் ஆகியவற்றைத் தின்ற எலிகள் அவை. உடல் மெலிந்ததோடு அவை நிற்கவில்லை. பரபரத்தன, பணியாளரைக் கடித்தன, ஒன்றோடொன்று ஒத்து வாழவில்லை. ஏறத்தாழ 60-ஆம் நாளில் தங்களுள் நலிந்தவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. நல்லுணவு பெற்ற கூட்டமோ அமைதியாகக் கூடி வாழ்ந்தது. 1936-இல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் அவரே இதை விவரித்திருக்கிறார்.

எலி வேறு, மனிதன் வேறு என்று சிலர் சொல்லக்கூடும். மனிதரிடத்தும் ஒரு சோதனை நடந்தது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர், போருக்குச் செல்ல மனச்சான்று இடந்தராத இளைஞர் 36 பேரை அவர்கள் இசைவோடு அரைப்பட்டினி போட்டார். 1945-இல் 24 வாரங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,600 கலோரிதான் கொடுத்தார். நல்ல உடலும் நல்ல குணமும் உள்ளவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். எடையில் நான்கிலொரு பங்கை இழந்தார்கள். கூடவே சிரிப்பை இழந்தார்கள், நண்பர்களை ஒதுக்கினார்கள், சிறு சொல்லுக்கும் சீறினார்கள், படிப்பில் மனம் ஊன்றவில்லை. நாள் முழுதும் உணவையே எண்ணிச் சமையற் புத்தகங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டவர்களும் உண்டு. மீண்டும் உணவு கொடுத்தபோதும் மனம் உடனே திரும்பவில்லை. அந்தப் பட்டியலைப் படித்தபோது, தோழியோடு மூன்று நாள் பேசாதிருந்த என்னையே அதில் கண்டேன்.

அண்மைக்கால ஆய்வு ஒன்று ஆஸ்திரேலியாவில் நடந்து 2017-இல் வெளிவந்தது. மனச்சோர்வு நோயுற்ற 67 பேரில் ஒரு பாதியினருக்கு உணவை மாற்ற வழிகாட்டினார்கள். மறுபாதியினரோடு பேசித் துணையிருந்தார்கள். 12 வாரங்களுக்குப் பின் முதற்பிரிவில் மூன்றிலொரு பங்கினர் நோய்நீங்கும் நிலைக்கு வந்தனர். மறுபிரிவில் நூற்றுக்கு எட்டுப் பேர்தாம். எண்ணிக்கை சிறிது, தாங்கள் எந்தப் பிரிவு என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே இதை அளவோடுதான் நம்பவேண்டும். மனச்சோர்வு எல்லாம் கீரையால் தீரும் என்று யாரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். கடனும் இழப்பும் தனிமையும் கீரைக்குக் கட்டுப்படுவன அல்ல. ஆழ்ந்த துயரத்துக்கு மருத்துவரை நாடியே ஆகவேண்டும். காலை உணவைத் தவிர்த்தால் எல்லார்க்கும் கேடு என்பதிலும் ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. ஆனால் நாள் முழுவதும் குறைவாகவே உண்ணும் எம்போன்றோர்க்கு, விட்ட ஒருவேளை உணவு வேறெங்கும் ஈடாவதில்லை.

உறக்கத்தைப் பற்றி நீட்டி எழுதப் புகின் கைப்பேசியைப் பற்றி எழுதவேண்டி வரும்; அதில் எனக்கே தகுதியில்லை. கூடி உண்பதைப் பற்றி மட்டும் ஒரு சொல். 2025-ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை, பிறரோடு சேர்ந்து மிகுதியாக உண்பவர்கள் வாழ்வில் நிறைவும் மிகுதியாகக் கொண்டிருப்பதைப் பல நாட்டுக் கணக்குகளால் காட்டியது. சேர்ந்து உண்பதால் மகிழ்ச்சியா, மகிழ்ச்சியாய் இருப்பவர்கள் சேர்ந்து உண்கிறார்களா என்பதை அதிலிருந்து பிரித்தறிய இயலாது. நம் கல்லூரிப் புங்கமரத்தடியில் எட்டு டிபன் பாக்ஸ்களை நடுவில் திறந்துவைத்து எல்லாரும் எடுத்துண்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. ஒருத்தியின் புளிச்சோற்றுக்கு மற்றொருத்தியின் சுண்டலும் இன்னொருத்தியின் அவித்த முட்டையும் வந்து சேர்கின்றன. மேசைமேல் உள்ள சத்துக்கணக்கு சற்று நேராகிறது.

மாத்திரையை மூன்று மாதம் விடாமல் உண்டேன். காலையில் பேருந்திலேயே வேர்க்கடலை உருண்டையும் வாழைப்பழமும். தேநீரை நான்கு மணிக்குத் தள்ளிவைத்தேன். ஐந்தாறு வாரத்தில் மாடிப்படி எளிதாயிற்று. எந்த நாளில் மனம் தெளிந்தது என்று குறித்துச் சொல்ல முடியவில்லை. ஒருநாள் பாடத்தை ஒரே மூச்சில் படித்து முடித்தபின்தான் கவனித்தேன். அந்தப் பழைய விண்ணப்பத்தாளின் பின்புறத்தில்தான் இக்கட்டுரைக்குக் குறிப்பெடுத்தேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. அம்மா புளியங்கொட்டை எடுக்கும் கூலிவேலைக்குப் போகிறார். எங்கள் வீட்டில் அம்மாவுக்குக் கோபக்காரி என்று பெயர். தட்டு கீழே விழுந்தால் கத்துவார்; பிறகு சுவரோரம் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அப்பாவும் நாங்களும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். எல்லாரும் உண்டபின் பானையில் ஒட்டியதை ரசம் ஊற்றித் துடைத்து உண்பதுதான் அவர் இரவுணவு. முட்டை வாங்கினால் அப்பாவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. மெக்காரிசனின் எலிகளைப் பற்றிப் படித்த அன்றிரவு, அம்மா பானையைத் துடைப்பதை நான் முதன்முறையாகப் பார்த்தேன்.

"எனக்கென்ன கண்ணு கேடு, நல்லாத்தான் இருக்கேன்" என்று பலநாள் மறுத்தார். ஒரு சனிக்கிழமை வேலைக்கு விடுப்புச் சொல்ல வைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். 7.6 என்றார்கள். எத்தனை ஆண்டுகளாக அப்படி இருந்தாரோ! அங்கிருந்து மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பி, நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்து சீட்டை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மூன்று முட்டை வாங்கி வந்தார்.

இப்போது இரவில் நால்வரும் ஒன்றாகத்தான் உட்காருகிறோம். அம்மா தம் முட்டையில் பாதியைத் தம்பியின் தட்டுக்குத் தள்ளுவதும், நான் திருப்பி எடுத்து வைப்பதும் இன்னும் நடக்கிறது. சென்ற மாதம் பார்த்தபோது 10.1. அடுத்த பரிசோதனைக்குத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.