வீடு திரும்பிய வீரரின் மனப்புண்

ஜங்லிகாட்: இப்பகுதித் தமிழர்களுக்கு முன்னாள் ராணுவத்தினர் புதியவர்கள் அல்லர். 1969 முதல் கிரேட் நிகோபாரில் மட்டும் அவர்களின் 337 குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. நிலம் கிடைத்தது, பென்ஷன் வருகிறது. மனப்புண்ணுக்கு மருந்து எங்கே?

உயிர்ப்பயம் வேறு, தகாததைச் செய்துவிட்டோமே, தடுக்காமல் நின்றோமே என்று மனச்சாட்சி அறுப்பது வேறு. வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மருத்துவர் ஜோனத்தன் ஷே 1990களில் இதை 'அறக்காயம்' என்ற பொருளில் விளக்கினார்.

நம்மவர் கதையும் உண்டு. 1987 ஜூலை ஒப்பந்தத்தையடுத்து இலங்கை சென்ற இந்திய அமைதிப்படையில் தமிழ் ஜவான்களும் இருந்தனர். காக்கப் போனவர்கள் அக்டோபரில் போரில் இறங்க நேர்ந்தது. எதிரே சுட்டவனும் தமிழன். வீட்டு வாசலில் அழுதவளும் தமிழச்சி. அம்மாதம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளும் டாக்டர்களும் மாண்டனர். இந்திய வீரர்கள் சுமார் 1,200 பேர் உயிரிழந்தனர். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னை திரும்பியபோது, வரவேற்க முதல்வர் கருணாநிதி செல்லவில்லை.

கட்டளைக்குப் பணிந்தவர் ஊராரிடம் என்ன சொல்வார், மனைவியிடம் என்ன சொல்வார்? பேச்சு குறைகிறது. கோபமோ குடியோ இடையில் புகுகிறது, பிள்ளைகள் ஒதுங்குகிறார்கள். 'மறந்துவிடுங்கள்' என்பதால் இது தீராது. குற்றவாளி என்றோ மாவீரர் என்றோ முடிவு கட்டாமல், அவர் சொல்வதை வீட்டார் பொறுமையாகக் கேட்க வேண்டும். டாக்டரிடம் அழைத்துப்போகவும் தயங்கக் கூடாது.