வீடு பழகிடும், டிராவல் பழகாது

இன்னிக்கு டாபிக் சந்தோஷம். "எப்பவும் பாசிட்டிவா இருங்க" வகையறா இல்லை, பயப்படாதீங்க. உங்கள்ல நிறைய பேர் கேட்கிற ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். கிண்டி பக்கம் ஒரு சின்ன வாடகை வீட்டுலயே இருக்கிறதா, இல்லை இ.எம்.ஐ. கட்டி செங்கல்பட்டு பக்கம் சொந்தமா பெரிய பிளாட் வாங்குறதா?

இது பணக் கணக்கு மட்டும் இல்லை. மனசு எதுக்குப் பழகும், எதுக்குப் பழகாது என்கிற கணக்கும் இதுல இருக்கு.

1978-ல் பிலிப் பிரிக்மேனும் அவரோட குழுவும் லாட்டரியில் பெரிய தொகை ஜெயிச்ச 22 பேரை, லாட்டரி அடிக்காத 22 பேரோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. சந்தோஷத்துல பெரிய வித்தியாசம் இல்லை. அதைவிட சுவாரசியம், காலை டிபன், நண்பனோட அரட்டை மாதிரி சின்ன விஷயங்கள்ல ஜெயிச்சவங்களுக்குக் கிடைச்ச இன்பம் குறைவா இருந்தது. சின்ன சாம்பிள்தான், வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம். பின்னாடி ஸ்வீடன்ல பெரிய அளவுல பண்ணின ஆய்வுல, லாட்டரிப் பணம் வாழ்க்கைத் திருப்தியை வருஷக்கணக்கா உயர்த்தியிருந்தது. பணம் உதவும். ஆனா நாம எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை, ஏன்னா நல்லது எதுவும் சீக்கிரம் பழகிடும்.

புது பிளாட்டும் அப்படித்தான். கிரகப்பிரவேசத்தன்னிக்கு பால்கனியில நின்னு பத்து போட்டோ எடுப்போம். ஆறு மாசத்துல அங்க துணி காயும்.

டிராவல் வேற கேஸ். இன்னிக்கு சிக்னல், நாளைக்கு மழை, மறுநாள் டிரெயின் லேட். தினமும் வேற மாதிரி வர்ற தொல்லைக்கு மனசு எப்படிப் பழகும்? புரூனோ ஃப்ரை, அலாய்ஸ் ஸ்டட்ஸர்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் ஜெர்மனி டேட்டாவை வெச்சு இதைத்தான் பார்த்தாங்க. தூரமா போய் வேலை பார்க்கிறவங்களுக்கு சம்பளமோ வீடோ அந்தக் கஷ்டத்தை முழுசா ஈடுகட்டலை, வாழ்க்கைத் திருப்தி குறைவாவே இருந்தது. டேனியல் கானமன் குழு 2004-ல் டெக்சாஸ்ல வேலைக்குப் போற 909 பெண்கள்கிட்ட முந்தின நாளை ஒவ்வொரு பகுதியா நினைச்சுப் பார்க்கச் சொன்னப்போ, மனநிலை மோசமா இருந்த நேரங்கள்ல காலைப் பயணத்துக்குத்தான் முதல் இடம்.

அப்போ செங்கல்பட்டு வேண்டாமா? அவசரப்படாதீங்க. செங்கல்பட்டுலேருந்து பீச் ஸ்டேஷன் 60 கிலோமீட்டர். செங்கல்பட்டுல ஏறினா சீட் கிடைக்க வாய்ப்பு உண்டு. கிளம்பின கொஞ்ச நேரத்துல கொளவாய் ஏரி ஜன்னலோரமா வரும். சிகாகோ ரயில்கள்ல நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் பண்ணின சோதனையில, பக்கத்துல இருந்தவங்களோட பேசினவங்களுக்குப் பயணம் நல்லா அமைஞ்சது. அப்படிப் பேசினா போரடிக்கும்னுதான் ஜனங்க முன்னாடி கணிச்சிருந்தாங்க. நம்ம எலக்ட்ரிக் டிரெயின்ல இதுக்கு ஆராய்ச்சி தேவையே இல்லை. அங்க தினமும் ஒரே பெட்டியில சந்திக்கிற கோஷ்டிகள் உண்டு. ஹெட்போன் போட்டுக்கிட்டு தனியா உட்கார்றது நம்ம ஐ.டி. ஆளுங்கதான்.

இன்னொரு வழி, பழகிப்போனதைத் திரும்பப் பார்க்கிறது. இதை ஆங்கில சைக்காலஜி புஸ்தகத்துல தேட வேண்டாம். செங்கல்பட்டுலேருந்து திருக்கழுக்குன்றம் வழியா சுமார் 30 கிலோமீட்டர் போனா மாமல்லபுரம். அங்க எல்லாரும் வெண்ணெய் உருண்டைப் பாறையை ரெண்டு கையால தாங்குற மாதிரி செல்ஃபி எடுக்கிறாங்க. பக்கத்துல இருக்கிற கிருஷ்ண மண்டபத்துக்குப் போங்க. இந்திரன் அனுப்பின மழையைத் தடுக்க கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கி நிக்கிறார். மலைக்குக் கீழ ஒருத்தர் பால் கறக்கிறார், பசு கன்னுக்குட்டியை நக்கிக்கொடுக்குது. ஒருத்தர் குழல் ஊதுறார். இவ்ளோ பெரிய ஆபத்து நடுவுல அந்தப் பல்லவ சிற்பி செதுக்கினது தினப்படி வேலையை! பத்து நிமிஷம் போனை எடுக்காம அதையே பாருங்க.

பிளாட் விஷயத்துக்கு வருவோம். அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம், திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும், ஆபீஸ் நேரத்துலயே அந்த ரூட்ல போய் வாங்க. ஞாயித்துக்கிழமை காலியா இருக்கிற ஜி.எஸ்.டி. ரோட்ல பில்டரோட கார்ல போய்ப் பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்க.